உதைபந்தாட்டமும் இரசிகர் தீர்ப்பும்

உதைபந்தாட்டப் போட்டியொன்று மத்தியஸ்தரின் இறுதி ஊதலுடன் முடிந்துவிடுகின்றது. எனினும் அதனைக் கண்டு மீள்வோர் நாவில் அது அன்றிரவு முழுவதும், சிலவேளை ஆண்டுக்கணக்காகவும், மீண்டும் மீண்டும் ஆடப்பெறுகின்றது. மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் மாலை வேளையிற் பந்து உதைபடாத ஊர் அரிது. பந்து உதைபடும் ஊரெங்கும் தேநீர்க்கடை வாயிலிலும் கோயில் வீதியிலும் இப்பேச்சு நிகழக் காணலாம். பந்தைத் தவறவிட்டவன் யார், எவனை எவ்விடத்தில் நிறுத்தியிருத்தல் வேண்டும், முன்வரிசையார் ஏன் பந்தைப் பகிரவில்லை என்றெல்லாம் வழக்குரைத்துத் தீர்ப்பும் வழங்கிய பின்னரே கூட்டம் கலையும். இதனை வீண்பேச்சென ஒதுக்குவோர் உளர். யான் அவ்வாறு கருதவில்லை. தாம் கண்ணாற் கண்டதொன்றுக்குக் காரணம் தேடும் முயற்சி இது. வரலாற்றாசிரியனும் மருத்துவனும் நீதிபதியும் செய்வது இதுவே. ஆயின் அம்முயற்சி பெரும்பாலும் ஓரிடத்தில் வழுவிவிடுகின்றது. அவ்விடம் யாதென ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வழுவினை யான் நூல்வாயிலாக அறிந்தது பிந்தியே. முதலில் அறிந்தது என் சொந்த வாயினால். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதத்தில், யான் பொறுப்பாசிரியனாகவிருந்த பாடசாலை அணி வாவியைக் கடந்து படுவான்கரை ஊரொன்றுக்குப் போட்டிக்குச் சென்றது. முற்பாதியில் ஒரு கோலினால் முன்னின்ற எம்மவர், பிற்பாதியில் இரண்டினை வாங்கித் தோற்றனர். இரண்டாவது கோல், ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கையில், உயர்ந்து வந்த பந்தொன்று எமது கோல் காப்பாளனின் கைகளிற் பட்டுப் பின்புறம் நழுவியதனால் நேர்ந்தது. மீளும்போது பாதையில் ஏறி வாவியின்மேல் மிதந்தவாறு மாணவரும் பெற்றோரும் ஊரவருமாக நெருங்கி நின்றோம். பேச்செல்லாம் அந்த ஒரு பந்தினைப் பற்றியே. பதினாறு வயது நிரம்பாத அப்பையன் சப்பாத்துக்களைக் கையிற் பிடித்தவாறு விளிம்பில் நின்று நீரையே நோக்கிக்கொண்டிருந்தான். யானும் வாளாவிருக்கவில்லை. "அந்தப் பந்தைப் பிடித்திருந்தால் இன்றைக்கு நாங்கள் தோற்றிருக்கமாட்டோம்" என எல்லாருங் கேட்கச் சொன்னேன். அடுத்த கிழமை அவன் பயிற்சிக்கு வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் வரவில்லை.

யான் கூறியது பொய்யன்று. அப்பந்து பிடிபட்டிருப்பின் நாம் அன்று தோற்றிருக்கமாட்டோம் என்பது உண்மையே. ஆயினும் அது காரணங் கூறலாகாது. ஒரு கோல் விழுவதற்கு முன் நிகழவேண்டியன பல. அவற்றுள் ஒன்று குறைந்திருந்தாலும் கோல் விழுந்திராது. அப்பலவற்றுள் இறுதியாக நிகழ்ந்ததே கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது. மைதானத்தில் இருபத்திருவர் ஆடுகின்றனர். பந்தோ ஒருவன் காலில் மட்டுமே உள்ளது. பார்ப்போன் கண் பந்தைத் தொடர்கின்றது. எஞ்சிய இருபத்தொருவரும் அவனுக்குப் பெரும்பாலும் இல்லாதவரே. ஆனால் தந்திரம் எனப்படுவது பந்தில்லாத அவ்விருபத்தொருவரும் எங்கெங்கு நிற்கின்றனர், எவரெவர் இடத்தை அடைக்கின்றனர், எவ்விடத்தை வெறுமையாக விடுகின்றனர் என்பதிலேயே அடங்கியுள்ளது. கோட்டோரத்தில் நிலமட்டத்தில் நிற்போனுக்கு முன்னும் பின்னும் நிற்போரிடையேயுள்ள தூரம் புலப்படுவதில்லை. எமது மைதானங்களில் மதிலிலும் மரக்கொப்பிலும் ஏறியிருக்கும் சிறுவருக்கே ஆட்டத்தின் அமைப்பு ஓரளவு தெரியும். ஆனால் அவர்களை எவரும் அபிப்பிராயங் கேட்பதில்லை.

கண் இவ்வாறிருக்க, நினைவு அதனினுங் குறைபாடுடையது. கனடாவைச் சேர்ந்த பிராங்ஸ், மில்லர் என்னும் ஆய்வாளர் இருவர் 1986 ஆம் ஆண்டில் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். உதைபந்தாட்டப் பயிற்றுநர்களுக்கு ஒரு போட்டியின் பதிவைக் காட்டி, முடிந்தவுடன் அதில் நிகழ்ந்த முக்கிய நிகழ்ச்சிகளை அவர்கள் எவ்வளவு சரியாக நினைவிற் கொண்டுள்ளனர் எனச் சோதித்தனர். அவர்கள் சரியாகக் கூறியது பாதிக்கும் குறைவு. பயிற்றுநர் நிலை இதுவாயின், இடையில் கச்சான் கொட்டை வாங்கத் திரும்பிய நம்போன்றோர் நிலை கூறவேண்டியதில்லை.

இனி, கட்சிப்பற்று. 1951 ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் பிறின்ஸ்ரன், டாட்மத் என்னும் இரு உயர்கல்வி நிலையங்களிடையே அந்நாட்டு முறையிலான பந்தாட்டப் போட்டியொன்று நடைபெற்றது. அது நமது உதைபந்தாட்டம் அன்று. கையாலும் பந்தைத் தூக்கியோடும் முரட்டு ஆட்டம். இருபுறத்திலும் காயங்கள் ஏற்பட்டன. யார் முதலில் முறைகேடாக ஆடினர் என்னும் வழக்கு இருபுறத்துப் பத்திரிகைகளிலும் மூண்டது. ஹஸ்ரோவ், கான்றில் என்னும் உளவியலாளர் இருவர் அப்போட்டியின் திரைப்படத்தை இரு மாணவர் கூட்டத்தினருக்கும் காட்டி, கண்ட குற்றங்களை எழுதுமாறு பணித்து, முடிவை 1954 இல் வெளியிட்டனர். டாட்மத் அணியினர் செய்த குற்றங்களாகப் பிறின்ஸ்ரன் மாணவர் எண்ணியவை, டாட்மத் மாணவர் எண்ணியவற்றினும் இருமடங்குக்கு மேற்பட்டன. எவரும் வேண்டுமென்று பொய் கூறவில்லை என்பதே இவ்வாய்வின் சிறப்பு. ஒரே படச்சுருளில் அவரவர் கண்டது அவரவர் ஆட்டம்.

இம்மூன்று குறைகளும் ஒன்றுகூடும்போது, தோல்விக்கு ஒரு மனிதன் தேவைப்படுகின்றான். அவ்வாறு தேடப்பட்ட மனிதன் உண்மையில் எத்தகைய நிலையில் இருந்தான் என்பதை விளக்குதற்கு, உலக உதைபந்தாட்ட வரலாற்றிற் பெயர்பெற்ற போட்டியொன்றைச் சற்று விரிவாக நோக்குவோம்.

1953 ஆம் ஆண்டு நவம்பர் 25 ஆந் திகதி இலண்டன் வெம்பிளி மைதானத்தில் ஹங்கேரி அணி இங்கிலாந்தை 6 - 3 என வென்றது. பிரித்தானியத் தீவுகளுக்கு அப்பாலிருந்து வந்த அணியொன்று இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணில் வென்றமை அதுவே முதன்முறை. அன்று இங்கிலாந்தின் நடுப் பின்காப்பாளராக நின்றவர் ஹரி ஜோன்ஸ்ரன். ஹங்கேரியின் நடு முன்வரிசை வீரர் ஹிடெக்குற்றி. ஒன்பதாம் இலக்கச் சட்டையணிந்த அவர் முதல் நிமிடத்திலேயே ஒரு கோலும், மொத்தமாக மூன்று கோல்களும் இட்டார். ஒன்பதாம் இலக்கத்தாரைத் தடுப்பது நடுப் பின்காப்பாளன் கடன். ஆகவே ஜோன்ஸ்ரன் கடமை தவறினார் என்பது பார்த்தமாத்திரத்தே தோன்றும் தீர்ப்பு.

உண்மை வேறு. 1925 ஆம் ஆண்டுக்கு முன், முன்னேறி நிற்கும் வீரனுக்கும் எதிரியின் கோல் எல்லைக்கும் இடையில் எதிரணியினர் மூவராவது இருந்தாலன்றி அவன் முறைகேடான இடத்தில் நிற்பவனாகக் கருதப்படுவான். 1925 இல் அவ்விதி மூவர் என்பதிலிருந்து இருவர் எனத் தளர்த்தப்பட்டது. முன்வரிசையாருக்கு அது பெருவாய்ப்பாயிற்று, காப்போருக்கு நெருக்கடியாயிற்று. எனவே, முன்னர் நடுவில் நின்று தாக்குதலையும் காவலையும் இணைத்த வீரர் பின்னே இழுக்கப்பட்டு, இரு பின்காப்பாளரிடையே மூன்றாமவராக நிறுத்தப்பட்டார். ஹேபேட் சப்மன் என்பவரின் ஆர்செனல் அணி இம்முறையைச் செம்மைப்படுத்தியது. இங்கிலாந்து முழுவதும் அதனைப் பின்பற்றியது. இம்முறையின் அடிப்படை ஓர் எடுகோள்: எதிரணியின் நடு முன்வரிசை வீரன் கோலை அடுத்து நிற்பான் என்பது. ஹிடெக்குற்றி அவ்வாறு நிற்கவில்லை. அவர் பின்வாங்கி மைதானத்தின் நடுவில் நின்றார். இப்போது ஜோன்ஸ்ரன் என்செய்வார்? அவரைத் தொடர்ந்து முன்னே சென்றால் பின்வரிசையின் நடுவில் வாயில் திறந்துவிடும். புஸ்காஸ், கொக்சிஸ் என்னும் இருவரும் அதனூடு புகுவர். தம்மிடத்தில் நின்றால் ஹிடெக்குற்றி தடுப்பாரின்றிப் பந்தை எடுத்து விரும்பியவாறு பகிர்வார். எதனைத் தெரிந்தாலும் தவறு. அவர் காலிற் குற்றமில்லை. அவர் நின்ற அமைப்பே எதிரிக்குத் தெரிந்த விடுகதையாகிவிட்டது.

அப்போட்டிக்குப் பின் ஜோன்ஸ்ரன் இங்கிலாந்து அணியில் ஒருபோதும் ஆடவில்லை. ஆறு மாதங்கழித்து, 1954 மே 23 இல், புடாபெஸ்ற் நகரில் இரு அணிகளும் மீண்டும் சந்தித்தன. ஜோன்ஸ்ரன் நின்ற இடத்தில் வேறொருவர் நின்றார். மூவர் பின்வரிசை முறை மாறவில்லை. இம்முறை ஹங்கேரி 7 - 1 என வென்றது. ஆளை மாற்றி அமைப்பை மாற்றாது விட்டதன் பயன் இதனினும் தெளிவாக வெளிப்பட்ட போட்டியை யான் அறியேன். வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் நோயைக் காண்பதோடு நில்லாது அதன் முதலையும் காணுமாறு மருத்துவனுக்குக் கூறினார். பந்தாட்ட மருத்துவரோ நோயாளியை மாற்றிவிட்டு நோயை வைத்துக்கொள்கின்றனர்.

ஜோன்ஸ்ரன் இழந்தது அணியில் ஓரிடம். அதனினும் பெரிதாக இழந்த ஒருவர் பிறேசில் நாட்டுக் கோல் காப்பாளர் பார்போசா. 1950 யூலை 16 இல் றியோ நகரின் மறக்கானா மைதானத்தில், உலகக் கிண்ணத்தின் இறுதிச் சுற்றுப் போட்டியில் உருகுவேயைச் சந்தித்த பிறேசிலுக்கு வெற்றிகூட வேண்டியதில்லை, சமநிலை போதும். பிற்பாதி தொடங்கியவுடன் பிறேசில் ஒரு கோல் இட்டது. 66 ஆம் நிமிடத்தில் உருகுவேயின் வலப்புற வீரர் கிக்யா ஓரமாக ஓடிவந்து பந்தை நடுவே செலுத்த, ஸ்கியாபினோ அதனைக் கோலாக்கினார். 79 ஆம் நிமிடத்தில் கிக்யா அதே ஓரத்தால் மீண்டும் ஓடிவந்தார். சற்றுமுன் கண்டதே மீள நிகழுமென எதிர்பார்த்துப் பார்போசா நடுப்புறமாக ஓரடி நகர்ந்தார். கிக்யா நேரே கோலுக்கு உதைத்தார். பந்து காப்பாளருக்கும் அணித்தான கம்பத்துக்கும் இடையாற் சென்றது. 2 - 1.

கிக்யா இருமுறையும் அதே வழியால் வந்தார் என்பதைக் கவனிக்க. முதன்முறை திறந்த வழி பதின்மூன்று நிமிடங்களாக அடைக்கப்படவில்லை. இது பின்வரிசை முழுவதற்கும் இடைவரிசைக்கும் உரிய வினா. பார்போசாவின் நகர்வோ, முன்னர் நிகழ்ந்ததைக் கொண்டு இனி நிகழவிருப்பதை ஊகித்த அறிவின் செயல். எனினும் அரை நூற்றாண்டு அந்நாடு அவரையே சுட்டியது. முந்திய ஆண்டிற் பிறேசில் தென்னமெரிக்கக் கிண்ணத்தை வென்றபோது காப்பாளராக நின்றவரும் அவரே என்பது மறக்கப்பட்டது. தம் நாட்டிற் கொடிய குற்றத்துக்கும் மிகக்கூடிய தண்டனை முப்பது ஆண்டே, தாமோ ஐம்பது ஆண்டு அனுபவித்ததாக அவர் முதுமையிற் கூறினார். 2000 ஆம் ஆண்டில் அவர் காலமானார். பிறேசில் மக்கள் அன்று அணிந்த வெண்ணிறச் சட்டையையுங் குற்றஞ்சாட்டிக் கைவிட்டனர். இன்று உலகமறிந்த மஞ்சட் சட்டை அதன் பின்னர் வந்ததே. சட்டைக்கு மனமில்லை; அதனால் அதற்கு நட்டமுமில்லை.

தோல்வியைத் தாங்கிக்கொள்ள ஒரு சமுதாயத்துக்கு ஒரு தனிமனிதன் கட்டாயந் தேவையா? எமது நாட்டிலேயே வேறொரு வழக்கம் இருந்தமையை மட்டக்களப்பார் மறத்தலாகாது. கண்ணகியம்மன் வழிபாட்டோடு இணைந்த கொம்பு விளையாட்டில் ஊர் வடசேரி, தென்சேரி என இரு கட்சியாகப் பிரியும். குடும்பவழியாக வந்த கட்சி அது; ஒருவன் தன் விருப்பப்படி தெரிந்துகொள்வதன்று. வளைந்த மரக்கொம்புகள் இரண்டினை ஒன்றோடொன்று கொளுவிக் கயிறு பூட்டி இருபுறமும் இழுப்பர். எக்கட்சியின் கொம்பு முறிகின்றதோ அக்கட்சி தோற்றதாகும். வென்றோர் ஆர்ப்பரிப்பர், தோற்றோரை எள்ளியும் பாடுவர். சிங்கள மக்கள் பத்தினி தெய்வத்துக்கு ஆடும் அங்கெலியவும் இவ்வாறே. கட்சிப்பற்று இதனினும் மிகுந்த ஆட்டத்தைக் காண்பதரிது. ஆயின் ஈண்டு முறிவது கொம்பு, தோற்பது கட்சி. ஆயிரங் கைகள் பற்றிய கயிற்றில் எக்கை தளர்ந்ததெனச் சுட்டுதல் இயலாது. எள்ளல் கட்சி முழுவதன்மீதும் செல்கின்றது. சுமை பகிரப்பட்டு இலேசாகின்றது. உதைபந்தாட்டமும் கயிறிழுத்தலைப் போன்ற கூட்டுச் செயலே. பதினொருவரையும் தனித்தனியே காணமுடிவதனால் மட்டும் நாம் ஏமாறுகின்றோம்.

நினைவு நம்பத்தகாதெனின் எழுத்தில் எண்ணி வைத்தலே வழியெனச் சிலர் கூறுவர். துடுப்பாட்டத்திற்குப் புள்ளிப் புத்தகம் உண்டு. ஒவ்வொரு பந்தும் அதிற் பதிவாகின்றது. எனவே துடுப்பாட்டம் பற்றிய வாதம் எழுந்தால் ஏட்டைப் புரட்டலாம். உதைபந்தாட்டத்துக்கு நெடுங்காலமாக அத்தகைய ஏடு இருக்கவில்லை. 1950 மார்ச்சில் இங்கிலாந்தில் சாள்ஸ் றீப் என்னும் விமானப்படைக் கணக்காளர், சுவின்டன் நகரப் போட்டியொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பயனின்றிப் போகும் தாக்குதல்களைக் கண்டு சலித்து, பிற்பாதியிற் பென்சிலெடுத்துக் குறிக்கத் தொடங்கினார். பின்னர் பல நூறு போட்டிகளை இவ்வாறு குறித்து, 1968 இல் பெஞ்சமின் என்னும் புள்ளிவிபரவியலாளருடன் சேர்ந்து கட்டுரையொன்றும் வெளியிட்டார். அவர் கண்டது, கோல்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ எண்பது, மூன்றோ அதனிற் குறைந்தோ கைமாற்றங்களின் பின் விழுந்தன என்பது. ஆகவே பந்தைப் பகிர்ந்து காலங்கழித்தல் வீண், நீள உதைத்து முன்னே செலுத்துக என முடிவுகட்டினார். இங்கிலாந்தில் இக்கொள்கைக்கு நெடுங்காலம் செல்வாக்கிருந்தது.

இதில் ஒரு குற்றமுண்டு. அவ்வேடுகளின்படியே, ஆட்டத்தில் நிகழும் பந்தோட்டங்களுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை மூன்று கைமாற்றத்துக்குள் அறுந்துவிடுகின்றன. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நிலத்தில் ஒரே நெல்லை விதைத்தவன், களத்தில் எண்பது பங்கு அந்நெல்லாகவே கண்டு, அதனை உயர்ந்த விளைச்சலென்று புகழ்வானாயின், படுவான்கரை வேளாண்மைக்காரன் சிரிப்பான். எஞ்சிய பத்துப் பங்கு நிலமன்றோ இருபது பங்கு தந்தது! எனவே எண்ணுதல் நன்று. எதனோடு ஒப்பிட்டு எண்ணுகின்றோம் என்பதை உணர்ந்து எண்ணுதல் அதனினும் நன்று.

இன்னொன்றையும் மறத்தலாகாது. கோல் அருமையாக விழும் ஆட்டம் இது. 2022 ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தில் 64 போட்டிகளில் விழுந்தவை 172 கோல்கள். போட்டிக்கு மூன்றுகூட இல்லை. இவ்வளவு சிறிய எண்ணிக்கையில், கம்பத்திற் பட்டுத் தெறித்த பந்தொன்றும் நீர்நின்ற தரையொன்றும் முடிவைப் புரட்டிவிட வல்லன. நன்கு ஆடியும் தோற்கலாம். மோசமாக ஆடியும் வெல்லலாம். வென்ற நாளில் நாம் குறையாராய்வதில்லை. அதனாற் பல குறைகள் வெற்றியின் நிழலில் ஒளிந்து வளர்கின்றன.

இனிப் பாதையில் நின்ற அப்பையனிடம் மீள்வேன். மூன்றாங் கிழமையும் அவன் வராமையால் என் உள்ளம் உறுத்திற்று. ஏனைய பதின்மரையும் வகுப்பறைக்கு அழைத்து, கரும்பலகையில் மைதானத்தை வரைந்து, அந்த இரண்டாவது கோலுக்கு முன் ஒவ்வொருவரும் நின்ற இடத்தைப் புள்ளியிடச் செய்தேன். உயர்பந்து புறப்பட்டது மைதானத்தின் நடுவிலிருந்து. உதைத்தவனை நெருங்கி எம்மவர் ஒருவருமில்லை. அவ்விடத்தில் நிற்கவேண்டிய இடைவரிசையார் மூவரும் கோலின் அருகே குவிந்திருந்தனர். ஏன் என்றேன். ஒருவரையொருவர் பார்த்தனர். "நீங்கள்தான் சேர், ஒரு கோல் கையில் இருக்கிறது, பின்னுக்கு நில்லுங்கள் என்றீர்கள்" என்றான் அணித்தலைவன். அது உண்மை. இடைவேளையின்போது யான் கூறியதே.

மேலும் ஒன்று. மைதானம் கிழக்கு மேற்காகக் கிடந்தது. நாணயச் சுழற்சியில் வென்ற எம்மவர், மேற்கிலிருந்து வீசிய கச்சான் காற்றை முற்பாதியில் முதுகுக்குக் கொண்டனர். எமக்குக் கிடைத்த கோலும் அக்காற்றின் கொடையே. பிற்பாதிக்குள் அது தணிந்துவிடும் என எண்ணினோம், அன்று தணியவில்லை. ஆகவே பிற்பாதியில் எமது காப்பாளன் கீழ்ப்புறக் கோலில் மேற்கு நோக்கி நின்றான். மாலை ஐந்து மணிக்குப் படுவான்கரையில் மேற்கு நோக்கி நிற்போன் கண்ணில் எது படும் என்பதை இவ்வூராருக்கு விளக்கவேண்டியதில்லை. காற்று பந்தைத் தூக்கிவந்தது. வெயில் அதனை மறைத்தது. பந்தை அனுப்பியவனைத் தடுக்க ஆளில்லை. இம்மூன்றும் அவன் கைக்கு வருமுன்னரே முடிந்துவிட்ட காரியங்கள். அவற்றுள் இரண்டு எமது தெரிவு. ஒன்று என் கட்டளை.

மறுநாள் மாலை அவன் வீட்டுக்குச் சென்றேன். படத்தைக் கொப்பியிற் பிரதிசெய்து கொண்டுபோயிருந்தேன். அவன் அதனை நெடுநேரம் பார்த்துவிட்டு, "வெயில் கண்ணில் அடித்தது சேர். அன்றைக்கே சொல்ல நினைத்தேன், ஒருவரும் கேட்கவில்லை" என்றான். அடுத்த தவணையில் பயிற்சிக்கு வந்தான். வலப்புற இடைவரிசையில் ஆட இடங்கேட்டான்; கொடுத்தேன்; நன்றாகவே ஆடினான். கோல் வாயிலில் நிற்க மட்டும், பாடசாலையை விட்டு நீங்கும்வரை, அவன் உடன்படவில்லை.